கொட்டாவிப் படம்

"கையை எடு. மொதல்ல கையை எடுன்னேன்!"

ஜசிந்தா எடுக்கவில்லை. வேனின் பின்கதவு வழியாகப் பாதி உடம்பை உள்ளே விட்டு, பஞ்சு வைத்த பெட்டியிலிருந்து ஒரு கேமராவை உருவி, காதருகே வைத்து விசையை அழுத்திப் பிடித்தாள். டிக்... டிக்... டிக்...

"இது கேமராவா, சுவர்க் கடிகாரமா?"

"கல்யாண வீட்டுக்கு அருமையா எடுக்கும்," என்றார் தியோஃபிலோ.

"மாப்பிள்ளை நூத்தி நாப்பதுல வளைவு திரும்ப மாட்டான். அடுத்தத எடு."

"உனக்கு விக்கறதா நான் இன்னும் சொல்லவே இல்லையே."

சொல்லமாட்டார் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். வேறு வழியில்லை. காலை முதல் சுற்றிலேயே அவளுடைய கேமரா உயிரை விட்டுவிட்டது. உள்ளே ஷட்டர் தகடு மடங்கி, மூடிய கண் மூடியபடியே நின்றுவிட்டது. கடைக்கு ப்ராகா நகரம்வரை போக வேண்டும். போனால் திரும்புவதற்குள் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள். கார்கள் ஓடி முடியும்வரை பிறகு ஓர் ஈகூட ஏற முடியாது.

கப்ரெய்ரா மலையில் எங்கே கார் ராலி நடந்தாலும், கார்கள் வந்து டயர் மாற்றும் மைதானத்தின் ஓரத்தில் தியோஃபிலோவின் சாம்பல் நிற வேன் நிற்கும். பழைய கேமரா வாங்குவார், பழுது பார்ப்பார், விற்பார். மாலையில் மடியில் கணினியை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்து ராலிப் பிரியர்கள் அத்தனை பேரும் படிக்கும் இணையப் பக்கத்தில் விஷம் கக்குவார். போன வருடம்வரை ஜசிந்தா அவரை 'நீங்க' என்றுதான் அழைத்து வந்தாள். அந்தப் படம் வெளிவந்த பிறகு 'நீ'. அதே வாரம், சந்தைக்கு எதிரே உள்ள காபிக்கடையில், ஒரு முழு கிளாஸ் பீரை அவர் தலையில் கவிழ்த்தாள்.

"என்ன பார்க்கற? சட்டை காஞ்சிருச்சான்னா?" என்றார் தியோஃபிலோ. "காஞ்சிருச்சு. நாத்தம்தான் போகல."

"நாத்தம் பீரோடது இல்ல."

பக்கத்துக் கடையில் பன்றி இறைச்சி ரொட்டிக்காக வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் வாயை அகலமாகத் திறந்து, கையால் மூடி, கண்ணை மூடிக் காட்டினான். கொட்டாவி. அவளைப் பார்த்துத்தான்.

இந்த ஒரு வருடமாக அவளுடைய அண்ணன் அபீலியோவுக்கு இந்த மலையில் அதுதான் பெயர்.

அபீலியோ வளைவுகளில் கொடி பிடிக்கிறவன். சம்பளம் கிடையாது, ஒரு சட்டை, ஒரு ரொட்டி, ஒரு விசில். போன வருடம் மூன்றுகல் வளைவில் ஒரு கார் புரண்டு பாதையை அடைத்தபடி நின்றது. பின்னால் வரும் காருக்கு மஞ்சள் கொடி காட்ட வேண்டியவன் அபீலியோ. காட்டவில்லை. பின்னால் வந்த கார் முழு வேகத்தில் மோதியது. ஓட்டியவன் இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறான்.

"வளைவோட வெளி ஓரத்துல, யாரும் நிக்கக்கூடாத இடத்துல, ஒருத்தன் கேமராவோட நின்னான்," என்றான் அபீலியோ விசாரணையில். "மூஞ்சில தூசிக்குத் துணி கட்டியிருந்தான். அடுத்த கார் வந்தா செத்திருப்பான். ஓடு ஓடுன்னு அவனப் பார்த்துக் கத்துனேன். அந்த நேரத்துலதான்..."

அந்த ஆளைத் தேடத்தான் போகிறார்கள் என்று ஜசிந்தா நம்பினாள். அன்று சாயங்காலமே பெயரில்லாத முகவரியிலிருந்து தியோஃபிலோவுக்கும் ராலி நடத்தும் கழகத்துக்கும் ஒரு படம் வந்து விழுந்தது. சுருட்டிய கொடியுடன் அபீலியோ. பின்னால் புரண்ட கார். வாய் முழுதாகத் திறந்திருந்தது. தியோஃபிலோ அதற்கு ஒரே ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்தார்: கொட்டாவி.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் தேடவில்லை. படம் பார்வையாளர் மேட்டிலிருந்து நீண்ட லென்ஸில் எடுக்கப்பட்டது, வெளி ஓரத்தில் ஆளே இல்லை என்று கழகம் எழுதி மூடியது.

இன்றைக்கு ராத்திரி கழகத்தின் பொதுக்கூட்டம். அபீலியோவை நிரந்தரமாக நீக்குவதா என்று கை தூக்கப் போகிறார்கள். ஜசிந்தாவிடம் இருந்தது ஒரே ஒரு வழி. வருடத்துக்கு ஒருமுறைதான் அந்த வளைவில் கார்கள் ஓடும்; கார் இல்லாத படத்தை வைத்து ஒப்பிடக் கழகம் ஒத்துக்கொள்ளாது. இன்று மதியம் மேட்டிலிருந்து ஓடும் காரைப் படமெடுத்து, பாறையும் மரமும் அந்தப் படத்தில் இருப்பதுபோல் அமையவே அமையாது என்று கூட்டத்தின் முன் வைப்பது. படம் வெளி ஓரத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது, அங்கே ஒருவன் நின்றான் என்று காட்டுவது.

அதற்குக் கேமரா வேண்டும். பாய்ந்து வரும் காரை நழுவவிடாமல் பிடிக்கிற கேமரா. அதுவும் அவள் பர்ஸுக்குள் அடங்குகிற விலையில்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. லியாந்த்ரோ. கணவன். அவனும் ராலிப் படக்காரன்தான்; மலையின் அந்தப் பக்கத்தில் ஒரு அணிக்காகக் காசு வாங்கி எடுத்துக்கொண்டிருந்தான். கேமராவைக் கடன் கேட்டபோது, "என் பொழப்பக் கெடுக்காத," என்றிருந்தான்.

"என்ன வச்சிருக்கான் அந்த ஆளு?" என்றான் இப்போது.

"மூணு தேறும். ஒண்ணு கல்யாணக் கேமரா, ஒண்ணு சின்னதா புதுசு, அப்புறம் உன்கிட்ட இருந்துச்சே அந்தப் பெரிய மாடல்."

"பெரிச விடு. சின்னத வாங்கு."

"ஏன்? நீ ரெண்டு வருஷம் அதுலதானே எடுத்த?"

"அதனாலதான் சொல்றேன். வெயில் பட்டா கட்டைவிரல் வைக்கிற எடத்துல ரப்பர் பிரிஞ்சு கையோட வரும். கிழம் அது. சின்னத வாங்கிட்டு மேல போ, நேரமில்ல."

லியாந்த்ரோ தன்னுடையதைக் குளிர்காலத்தில் ப்ராகாவில் ஏதோ கடையில் விற்றுவிட்டுப் புதிது வாங்கியதாகச் சொல்லியிருந்தான். சொல்கிறவன் தெரிந்துதான் சொல்லுவான். ஜசிந்தா சின்னதை எடுத்தாள்.

"அப்படி வா வழிக்கு," என்றார் தியோஃபிலோ. "நல்ல சரக்கு. உங்க அண்ணன் கொட்டாவி விட்டா உள்நாக்கு வரைக்கும் தெரியும்."

ஜசிந்தா மைதான வாசலைப் பார்த்துத் திரும்பினாள். ஒரு நீலக் கார் உறுமிக்கொண்டு வெளியேறியது. கேமராவைக் கண்ணில் வைத்து, இடுப்பைச் சுழற்றிக் காரோடு சேர்ந்து திரும்பினாள். திரையில் படம் ஒரு கணம் உறைந்தது. கார் அதற்குள் வாசல் கம்பத்தைத் தாண்டிவிட்டது. எடுத்த படங்களைத் தள்ளிப் பார்த்தாள். கூர்மையாக விழுந்திருந்தது காருக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவரின் மீசை.

"மீசைக்கு நல்லா இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள். "கார் போயி அரைநாள் கழிச்சு இதுல தெரியுது. பெரிச எடு."

"எத்தன கோடிப் புள்ளி தெரியுமா இதுல? பெரிசுல பாதிகூடக் கெடையாது."

"புள்ளிய வச்சு நான் என்ன கோலமா போடப்போறேன்? எனக்கு வேணும்கிறது வேகம்."

தியோஃபிலோ உதட்டைப் பிதுக்கினார். பெரியதை எடுத்து அவள் கையில் வைக்காமல் வேனின் தரையில் வைத்தார். நாய்க்குச் சோறு வைப்பதுபோல.

"ஷட்டர் அதிகம் ஓடாதது," என்றார்.

ஜசிந்தா எடுத்துத் திருப்பினாள். விசையைச் சுற்றிக் கறுப்புச் சாயம் தேய்ந்து, உலோகம் பளபளத்தது. லென்ஸ் பூட்டும் வளையத்தில் பித்தளை தெரிந்தது. "அதிகம் ஓடாததா? இத வச்சு மலையவே நாலு சுத்து படம் புடிச்சிருக்கான். யாருகிட்ட கத வுடற?"

"வேணாம்னா வை. கூட்டத்துல உங்க அண்ணன் படத்த வரைஞ்சு காட்டு."

அவள் வைக்கவில்லை. அடுத்து ஒரு வெள்ளைக் கார் புறப்பட்டது. திரும்பினாள், அழுத்தினாள். தையல் மிஷின் போல அடித்தது கேமரா. சக்கரம் சுழன்று கலங்க, பின்னணி கோடு கோடாக இழுபட, கதவில் எழுதிய எண் மட்டும் கல்வெட்டு மாதிரி நின்றது. எல்லாப் படத்திலும். தூசி எழும்பியபோதும் அது காரை விடவில்லை.

கட்டைவிரலால் ரப்பரை அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. லியாந்த்ரோ வீணாகப் பயப்படுகிறான்.

கடைசியாக ஒரே ஒரு சோதனை. பழைய கேமரா வாங்குகிற ராலிக்காரர்கள் யாரும் இதைச் செய்யாமல் காசை எடுக்கமாட்டார்கள். லென்ஸை மூடிவிட்டு, இருட்டை நிதானமாகப் படமெடுப்பார்கள். உள்ளே படம் பதிகிற தகட்டில் செத்துப்போன புள்ளி இருந்தால் கறுப்பில் நட்சத்திரம் போல எரியும். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொரு இடத்தில். அம்மைத் தழும்பு மாதிரி, ஒருமுறை வந்தால் போகாது, எடுக்கிற படத்திலெல்லாம் அதே இடத்தில் வந்து உட்காரும்.

மூடியைப் போட்டாள். எடுத்தாள். திரையைக் கையால் மறைத்து நிழலாக்கிப் பெரிதாக்கினாள்.

மேலே, நடுவுக்குச் சற்று இடப்பக்கம், ஒரு சிவப்புப் புள்ளி.

கீழே, வலது பக்கம் தள்ளி, ஒரு நீலப் புள்ளி.

ஜசிந்தா இன்னும் பெரிதாக்கினாள்.

அந்தப் புள்ளிகளை அவளுக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தெரியும். விசாரணைக்குக் கழகம் கொடுத்த அசல் படத்தை அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். நேரம், கேமராவின் பெயர் எல்லாவற்றையும் அனுப்பியவன் துடைத்திருந்தான். இந்த இரண்டை மட்டும் துடைக்கவில்லை. அபீலியோவின் புருவத்துக்கு மேலே பொட்டு வைத்ததுபோல ஒரு சிவப்பு. சுருட்டிய கொடியின் நுனியில் ஒரு நீலம்.

போனை எடுத்தாள். படத்தைத் திறந்து கேமராத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஓரத்திலிருந்து அதே தூரம். ஒன்றுக்கொன்று அதே சாய்வு.

"என்ன, பேய் தெரியுதா?" என்றார் தியோஃபிலோ.

"இத யாருகிட்ட வாங்குன?"

குரல் மாறியதை அவரும் கவனித்துவிட்டார். வேனுக்குள்ளிருந்து இறங்கி வந்தார். ஆள் உயரமில்லை, தோள் மட்டும் கதவு அகலம்.

"குடு அத."

"யாருகிட்ட வாங்குன? அண்ணனோட படத்த எடுத்தது இந்தக் கேமராதான். பாரு!" போனைக் கேமரா மேலேயே வைத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் பார்த்தார். தொழில்காரர், இரண்டாவது முறை பார்க்கத் தேவையிருக்கவில்லை. முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. பிறகு பழைய முகமே திரும்பி வந்தது.

"நான் எடுக்கல. அன்னிக்குக் கிட்னில கல்லோட ஆஸ்பத்திரில கெடந்தேன். 'நல்லா வேணும்'னு நீ சொன்னதா வந்து சொன்னாங்க."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். வித்தவன் பேரு?"

"வித்தவன் பேரச் சொல்ற கடைக்கு எவன் வருவான்? திருட்டுத்தனமா பொண்டாட்டிக்குத் தெரியாம விக்கறவன் இருக்கான், கடனுக்கு விக்கறவன் இருக்கான். அவன் பேரு என் வாயில வராது."

"ராத்திரி எங்க அண்ணன் பேர அடிக்கப்போறாங்க, தியோஃபிலோ."

"அடிக்கட்டும். என் தலைல பீர் ஊத்தினப்ப ஊரே சிரிச்சுது. இன்னிக்கும் என்னை 'நுரை'ன்னு கூப்பிடறான் பன்னி ரொட்டி விக்கறவன். அது மட்டும் பேரு இல்லையா?"

அவர் சுற்றிப் பார்த்தார். ரொட்டி வரிசை இப்போது முழுதாக இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

"மன்னிப்பு கேளு," என்றார் உரக்க. "இவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அப்புறம் பேசலாம்."

ஜசிந்தா கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டாள். தூரத்தில், மலைப்பாதையை அடைக்கும் வண்டியின் ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கியிருந்தது. இந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் கரியை மெல்லலாம். ஆனால் மெல்ல வேண்டியது அவள் மட்டுமில்லை. அபீலியோ ஒரு வருடமாக மென்றுகொண்டிருக்கிறான்.

"மன்னிச்சிருங்க," என்றாள். 'ங்க' தொண்டையைக் கீறிக்கொண்டு வந்தது. "நான் செஞ்சது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"எது தப்பு?"

"பீர் ஊத்துனது."

"யாரு தலைல?"

"உங்க தலைல!"

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். தியோஃபிலோ விருந்து முடித்தவர் போல வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"சரி. இப்ப உண்மையச் சொல்றேன். பேரு எனக்குத் தெரியாது." பல் தெரிய இளித்தார். "இணையத்துல விளம்பரம். பெட்ரோல் பங்க் பார்சல் பெட்டியில வச்சுட்டுப் போனான். பணத்தையும் அதே பெட்டியிலதான் வச்சேன். மூஞ்சியும் பார்க்கல, குரலும் கேக்கல."

ஜசிந்தா அவரை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையில் கேமரா இருந்ததால் நிறுத்தினாள்.

"இதுக்கா... இதுக்கா என்னை..."

"நீ கேட்ட, நான் சொன்னேன். வாங்கறியா, வைக்கறியா?"

காசை அவர் கையில் கொடுக்காமல் வேனின் தரையில் போட்டாள். சற்றுமுன் கேமரா வைக்கப்பட்ட அதே இடத்தில். அவர் குனிந்து பொறுக்கினார். ஆளில்லாத கேமரா. கூட்டத்தில் காட்டினால், "நுரையோட வேன்ல கெடந்தது, யாருதோ," என்று சொல்லி அதையும் மூடிவிடுவார்கள். ஒரு வருடமாக இந்த மலையில் படமெடுக்கும் அத்தனை பேரின் பக்கங்களையும் இந்த இரண்டு புள்ளிகளுக்காகத் தோண்டியிருக்கிறாள். எதிரிகள், தெரிந்தவர்கள், வெளியூர்க்காரர்கள். யாரையும் விடவில்லை.

மலையை நோக்கி நடந்தாள். கோபத்தில் ஏதாவது குறை சொல்லியே ஆகவேண்டும்போல இருந்தது. திரும்பினாள்.

"ரப்பர் பிரிஞ்சு வந்தா இந்தக் கேமராவ உன் வேன் கண்ணாடிலதான் எறிவேன்!"

"எந்த ரப்பர்?"

"கட்டைவிரல் வைக்கிற எடம். இந்த மாடல்ல வெயில்ல உரியுமாமே!"

தியோஃபிலோவுக்கு முதல்முறையாக உண்மையான கோபம் வந்தது. வியாபாரியின் கோபம்.

"எந்த மடையன் சொன்னான்? இந்த மாடல்ல எத்தன வித்திருப்பேன், ஒண்ணுல ஒரு எடம் உரிஞ்சதில்ல. இது ஒண்ணுலதான் கட்டைவிரல் பக்கம் பிரிஞ்சு வந்துச்சு. அதுவும் எவனோ அறிவுகெட்டவன் சூடான சைலன்சர் மேல வச்சதால. பார்சல் பிரிச்ச அன்னிக்கே பழசக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசு ஒட்டிட்டேன். வித்தவனையும் என்னையும் தவிர அது ஒரு பயலுக்குத் தெரியாது. உனக்கு யாரு சொன்னா?"

ஜசிந்தா நின்றாள்.

அத்தனை பேருடைய படங்களையும் தோண்டினேன் என்று நினைத்தாளே, அது சரியில்லை. ஒரே ஒருவனுடைய படங்களைப் பார்க்கவில்லை. அவை வீட்டு அலமாரியில், அவளுடைய படங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தன.

போன் அதிர்ந்தது.

"சின்னத வாங்கிட்டியா?" என்றான் லியாந்த்ரோ.

"இல்ல. பெரிசு."

எதிர்முனையில் ஒரு கார் கடந்து போகும் சத்தம்.

"சொன்னேன்ல ஜசிந்தா. ரப்பர்..."

"ரப்பர் நல்லா இருக்கு. புதுசா ஒட்டியிருக்காங்க." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ராத்திரி கூட்டத்துக்கு நீயும் வா."

"நானா? எதுக்கு?"

"உன் கேமராவ நீதானே அடையாளம் சொல்லணும்?"